மாமாவைக் காப்பகத்தில் சேர்த்த கதை

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று நானாக எங்கேயும் சொன்னதில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் எங்கம்மாதான் சொன்னாள். (குழம்பு, வெஞ்சனம் வைக்க வராது என்பதை மறைக்க வேறு வழியில்லை.) மறுக்காமல் தலையைக் குனிந்துகொண்டது மட்டுமே என் குற்றம். கல்யாணமாகி நாற்பதாவது நாள் அதற்குத் தண்டனை கிடைத்தது.

என் மாமனார் திண்டுக்கல்லில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக் கம்ப்யூட்டரில் மெயில்கூடத் தமிழில்தான் திறக்கும். அவருடைய மூத்த மகள் கன்னியாஸ்திரி, ஆப்பிரிக்காவில் நர்ஸ் வேலை. ஞாயிறு தவறாமல் அப்பாவுக்கு மெயில் போடுவார். வீட்டுக்கு ஒரே முகவரி என்பதால் வந்த புதிதில் நான் ஆளுக்கொரு போல்டர் போட்டு நல்ல பெயர் வாங்கியிருந்தேன். 'மாமா' என்ற போல்டரில் மகளின் கடிதங்கள் அத்தனையும் இருந்தன.

அந்த வாரம் எங்கள் கோயிலில் அக்காவுக்குத் துறவற வெள்ளி விழா. ஆப்பிரிக்கா போய் இறங்கியதும் அவர் எழுதிய முதல் கடிதத்தை விழாவில் வாசிக்க மாமாவுக்கு ஆசை. "ஞாயித்துக்கெழமைக்குள்ள எடுத்துக் குடும்மா" என்று சொல்லிவிட்டுப் பாட்டு ஒத்திகைக்குக் கோயிலுக்குப் போனார்.

தேடுவதற்கு முன் பெட்டியைக் கொஞ்சம் சுத்தம் செய்வோமே என்று தோன்றியது (யார் கேட்டார்கள்?). 'பழையவற்றைக் காப்பகத்தில் சேர்க்கவா?' என்றது கம்ப்யூட்டர். தாராளமாகச் சேர் என்று அழுத்தினேன். மறு நொடி 'மாமா' போல்டரைக் காணோம்!

கூடப் படித்த ஜெசிந்தாவுக்குப் போன் போட்டுக் கதறினேன்.

"மாமாவைக் காப்பகத்துல சேத்துட்டேன்டி! இப்பக் காணோம்!"

"எதுக்குடி சேத்த?"

"ரொம்பப் பழசு, எடத்தை அடைக்குதுன்னுதான்!"

அடுப்படியில் அத்தையின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அத்தை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பக்கத்திலிருக்கும் ஆத்தூருக்குப் போன் போட, ஒரு மணி நேரத்தில் மாமாவின் அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"ஏ புள்ள, எந்தக் காப்பகம்? பேரைச் சொல்லு! எந்தம்பி அம்புட்டு எடத்தையா அடைச்சான்?"

"பேரெல்லாம் இல்ல பெரியம்மா. இதுக்குள்ளதான் எங்கயோ இருக்கு" என்று கம்ப்யூட்டரைக் காட்டினேன். அத்தை ஓவென்று அழ ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து மாமா உள்ளே நுழைந்தார். பெரியம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். "தப்பிச்சு வந்துட்டியாடா தம்பி!"

என்ன நடந்தது என்று ஒருவழியாக நான் சொல்லி முடித்ததும் அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாமா மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "போனாப் போகுது, விடும்மா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பெரியம்மாவுக்கு என் பேச்சில் நம்பிக்கை வரவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோயிலில் வாசகம் வாசிப்பதுபோல் திரையைக் கணீரென்று வாசித்தார். "வந்தவை... அனுப்பியவை... குப்பை... மேலும். இந்தா, மேலும்னு போட்டிருக்கே, அதுல என்ன இருக்கு?"

கம்ப்யூட்டர் தெரிந்த நான் அதை அழுத்திப் பார்க்கவே இல்லை. அழுத்தினேன். காப்பகம் என்று வந்தது. திறந்தால் மாமா பத்திரமாக இருந்தார்!

முதல் கடிதத்தை அங்கேயே வாசித்தார் மாமா. "அப்பா, நல்லபடியா வந்து சேந்துட்டேன். அழுவாதீங்க." அதோடு அவரால் வாசிக்க முடியவில்லை. மீதியைப் பெரியம்மாதான் வாசித்து முடித்தார். ஞாயிற்றுக்கிழமை விழாவிலும் அதுதான் நடந்தது.

இப்போதும் மாமா நாலு நாள் ஆத்தூரில் தங்கப் போனால், போய்ச் சேர்ந்ததும் எனக்குப் போன் வரும்.

"மருமகளே, காப்பகத்துக்கு வந்து சேந்துட்டேன்."

பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல் கேட்கும். "மூணு வேளையும் கறியும் மீனுமா ஆக்கிப் போடுறேன், இவனுக்கு இது காப்பகமாம்ல!"