பட்டா யார் பேரில்?

வாக்காளர் பட்டியலைச் சடையன் மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்று தடவையும் அவர் பேர் வரவில்லை.

"இன்னொரு தபா படி."

"எத்தினி தபா படிச்சாலும் இல்லாத பேரு வராதுங்க" என்றான் ஏரிப் பாசனச் சங்கத்து எழுத்தர் கலையரசன். "நெலம் யார் பேர்ல இருக்குதோ அவங்களுக்குத்தான் ஓட்டு. உங்க பட்டா தங்கமணி அம்மா பேர்ல இருக்குது."

சடையனுக்குச் சுருக்கென்றது. அண்ணன் கேஸ் போட்டுப் பிடுங்கிவிடுவான் என்று பயந்து, இருபது வருசத்துக்கு முன்னால் ஒன்றரை ஏக்கரையும் பெண்டாட்டி பேருக்கு எழுதி வைத்தவர் அவர்தான். அண்ணன் கேஸ் போடாமலே செத்துப் போனான்.

"உழுறவன் நானு. ஓட்டு அவளுக்கா?"

"அமெரிக்காவுல வெள்ளைக்காரன் மொதமொதல்ல குடியேறி ஊர்ச்சபை வச்சப்பவே நெலம் இருக்கிறவனுக்குத்தான் ஓட்டு. பொம்பளைங்களுக்குக் கெடையாது." கலையரசன் சர்க்கார் பரீட்சைக்குப் படிக்கிறவன்.

"நல்ல சட்டமா இருக்குதே! அத இங்க கொண்டாங்களேன்."

"கொண்டாந்தாலும் உங்களுக்கு ஓட்டு ஏதுங்க? உங்ககிட்டதான் நெலமே இல்லியே."

சடையன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். சங்கத் தலைவர் நாராயணசாமி பத்து வருசமாக மதகைத் தன் வயலுக்கே திறந்துகொண்டிருந்தார். கடைமடையில் சடையனின் நெல் இந்த வருசமும் பால் பிடிக்கிற நேரத்தில் காய்ந்து சருகானது. ஞாயிற்றுக்கிழமைத் தேர்தலில் அந்த ஆளை இறக்காமல் விடுவதில்லை.

நேரே வீட்டுக்குப் போனார்.

"நெலத்தத் திருப்பி என் பேருக்கு எழுதிக் குடு."

தங்கமணி முறத்தைக் கீழே வைத்தாள். "எதுக்கு? இந்த வயசுல எவளக் கட்டப் போற?"

அதற்கப்புறம் மூன்று நாள் அவள் பேசவில்லை. சோறும் பொங்கவில்லை. திருக்கோவிலூர் பத்திர ஆபீசில் விசாரித்தால், அவளே வந்து கையெழுத்துப் போட்டாலும் பட்டா மாற ஒரு மாசம் ஆகுமாம்.

வேறு வழியில்லை. சடையன் சொந்தப் பெண்டாட்டியிடமே ஓட்டுக் கேட்டார். தண்ணீர் தூக்கினார். பாத்திரம் துலக்கினார். புடவை ஒன்று எடுத்து வந்தார்.

"நாராயணசாமிக்குப் போட மாட்டியே?"

"மாட்டேன்."

இவ்வளவு சுளுவாகச் சொல்கிறாளே என்று அவருக்குச் சந்தேகம் வந்தது.

மறுநாளே நாராயணசாமி ஒரு தார் வாழைப்பழத்தோடு வாசலில் வந்து நின்றார். "அக்கா, நம்ம வயலையும் கொஞ்சம் பாத்துக்கோங்க."

"ஓட்டு வாங்கவா வந்த?" சடையன் தாரைத் தூக்கித் தெருவில் எறிந்தார். ஆடுகள் ஓடி வந்தன.

நாராயணசாமி கோபப்படவில்லை. "வரேன் மாமா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். பத்து வருசமாகக் கும்பிடாத கை.

அன்றிலிருந்து கழியோடு வாசலிலேயே உட்கார்ந்தார். வந்தவர்களையெல்லாம் விரட்டினார். நோட்டீசு கொண்டுவந்த கலையரசனையும் சேர்த்துத்தான்.

ஞாயிற்றுக்கிழமை. புதுப் புடவையில் தங்கமணியை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

"இந்தா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள் அவள்.

"வாயத் தொறக்காத. பேசினா மனசு மாறிப் பூடும். நேரா போற, குத்துற, வர்ற."

சங்கத்து வாசலில் வாட்ச்மேன் பழனி ஓடி வந்து தங்கமணியின் கழுத்தில் ரோசாப்பூ மாலையைப் போட்டான்.

சடையன் மொபெட்டைக் கீழே போட்டார். "அடப்பாவி! ஓட்டுப் போட வந்தவளுக்கு மாலையா? கலெக்டர்கிட்ட போறேன் நானு! எவன்டா குடுத்தனுப்பிச்சான், நாராயணசாமியா?"

"இன்னிக்கி ஏதுங்க ஓட்டு?" என்றான் பழனி. "போன வருசம் அவரும் நெலத்தச் சம்சாரம் பேருக்கு மாத்திட்டாராம், மனுவத் தள்ளிட்டாங்க, மனு போட்டிருந்த அம்மாவ எதுத்து வேற ஆளே நிக்கல, கொஞ்சம் நகருங்க, தலைவரம்மா உள்ள போவட்டும்!"