தேறிய டப்பா

உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எதிரிலேயே சூப் விற்பது துணிச்சலான காரியம். சூப் கடை அக்கா அதைப் பல வருஷமாகச் செய்துவந்தாள். அந்த அலுவலகத்தில் குமாஸ்தாவான என்னிலிருந்து அதிகாரி வரை எல்லோரும் அவளிடம்தான் குடிப்போம். கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி, மூடியை அழுத்தித் தருவாள்.

ஒருநாள் பரிசோதனை முடிவு வந்தது. பிளாஸ்டிக்கை இளக்கமாக வைத்திருக்கும் ரசாயனம் சூப்பில் இருக்கிறதாம். அக்காவை மாடிக்குக் கூப்பிட்டார்கள்.

"நான் போட்டது காய், உப்பு, மிளகுதான் சார். டப்பாலேருந்து எறங்கியிருக்கும்."

"டப்பா பரிசோதனையில தேறிடுச்சும்மா," என்றார் அதிகாரி.

"சூடா ஊத்திப் பாத்தீங்களா?"

"காலி டப்பாவைத்தான் சோதிப்போம். ஏதாவது ஊத்திட்டா அது உணவு. உணவு வேற பிரிவு."

"அப்ப அது எப்படி சார் உள்ள வந்துச்சு?"

"நடுவுல நடக்கறதப் பாக்க இங்க பிரிவு கிடையாது. டப்பா தேறிடுச்சு, சூப் தேறல. அப்ப போட்டது நீங்கதான்."

லைசென்ஸ் போனால் அக்கா வீட்டில் அடுப்பு எரியாது. அவள் முகம் வாடியதும் அதிகாரி இளகிவிட்டார். நல்ல மனுஷர்.

"சொல்லாம போட்டாத்தாம்மா கலப்படம். சொல்லிட்டுப் போட்டா சேர்மானம்."

அன்றே கடைப் பலகையில் மிளகுக்குக் கீழே அந்த ரசாயனமும் ஏறியது. வாயில் நுழையாத பெயர். ஏதோ சத்துச் சமாச்சாரம் என்று கூட்டம் அள்ளியது. "அது கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்க்கா" என்று உடற்பயிற்சிக் கூடத்துப் பையன்கள் கேட்டு வாங்கினார்கள்.

அக்காவுக்குத்தான் மனசு ஆறவில்லை. தன் பிள்ளைக்குக் கொடுக்காததை மற்றவர்களுக்கு எப்படிக் கொடுப்பது? டப்பாவை ஒழித்துவிட்டு எவர்சில்வர் தம்ளரில் ஊற்ற ஆரம்பித்தாள்.

அடுத்த பரிசோதனையில் ரசாயனம் துளிகூட இல்லை. அக்கா சிரித்துக்கொண்டே மாடியேறினாள்.

"பலகையில சொன்னதை சூப்ல போடாம விட்டுட்டீங்களே," என்று வருத்தப்பட்டார் அதிகாரி. "இது மோசடிம்மா. கலப்படத்தவிடப் பெரிய குத்தம்."

"பலகையிலேருந்து அழிச்சிடறேன் சார்."

"அழிச்சா புது லைசென்ஸ் எடுக்கணும். அதுக்குப் பாத்திரம் தேறணும். தம்ளருக்கு எங்ககிட்ட பரிசோதனையே இல்லையே."

இப்போது அண்டாவில் காய்களோடு பழைய டப்பா மூடி ஒன்றும் கொதிக்கிறது. எல்லோர் கண்ணிலும் படுகிறது. அக்கா அதைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் தம்ளரில் ஊற்றுகிறாள்.

மூடி போட்ட முதல் நாளே ஒரு வாய் குடித்த அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். "இதாம்மா ருசி. நடுவுல கொஞ்ச நாள் என்னவோ குறைஞ்சிருந்துது."

வரிசையில் நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. இன்னொரு தம்ளர் வாங்கிக்கொண்டேன்.