எழுபத்தோரு சதவீத ஊசி

திருத்தணியில் மொட்டைத் தலையோடு திரிவது கௌரவமான காரியம். ஆனால் அதை முறைப்படி மலையேறிப் போய்ச் செய்துகொள்ள வேண்டும். தமயந்தியின் நாயோ மலைப்பக்கமே தலைகாட்டாமல், வெறும் சொறியினாலேயே உடம்பெல்லாம் மொட்டையாகியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ இடித்துக் கிடந்ததைத் தூக்கி வந்து, தன் விசைத்தறிக் கொட்டகையில் வைத்து ஆறு மாதமாகச் சோறு போட்டு வந்தாள். பெயரும் மொட்டைதான்.

கால்நடை டாக்டர் இளம்பரிதி நாயின் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"காதைப் பாத்தா கலப்பு மாதிரி கீதுக்கா. சில ஜாதி நாய்ங்களுக்குச் சொறிக்குப் போடற சாதா ஊசியே மூளைக்கு ஏறி ஆளை முடிச்சுடும். மரபணுவைப் பாத்துட்டு வைத்தியம் பண்ணலாம்."

கன்னத்தின் உள்ளே பஞ்சுக்குச்சியால் ஒரு தேய்ப்பு. சோதனை அவ்வளவுதான்.

மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது. இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் வம்சம்: நாட்டு நாய் எழுபத்தோரு சதவீதம், ஜெர்மன் ஷெப்பர்டு இருபத்தொன்று, லாப்ரடார் எட்டு. இரண்டாம் பக்கத்தில் விஷயம்: அந்த ஊசி இந்த நாய்க்குக் கூடவே கூடாது, உயிர் போய்விடும், வேறு மாத்திரை கொடுக்கலாம்.

ஊர் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டது. நேற்றுவரை கல்லெறிந்த எதிர்வீட்டு கஜபதி, "ஜெர்மன்காரனுக்கு மோர்சோறா போடறது?" என்று தமயந்தியைக் கண்டித்தார்.

இந்த நேரம் பார்த்து நகராட்சியில் 'தெருநாய் தோல்நல மேம்பாட்டுச் சிறப்பு முகாம்' அறிவிக்கப்பட்டது. அனைத்து நாய்களுக்கும் அதே சொறி ஊசி, எவ்வித விலக்கும் இல்லை. விலக்கு வேண்டுவோர் தனி அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். தனி அலுவலர் சுந்தரமூர்த்தி.

தமயந்தி தறியை நிறுத்திவிட்டு ஓடினாள்.

"இன்னா ஜாதி?" என்றார் சுந்தரமூர்த்தி.

"நாங்க நெசவுங்க சார்..."

"உன்னைக் கேக்கலம்மா. நாயி."

"ரெண்டாம் பக்கம் பாருங்க சார். ஊசி போட்டா செத்துடும்னு எழுதிக்கீறாங்க."

"அது வைத்தியம்மா. அத்தாட்சின்னா மொதப் பக்கம்தான். இதோட அப்பா யாரு?"

"தெரியாதுங்க சார்."

"ஜாதி அப்பா வழிலதான வரும்? சரி, பொறந்த எடம்?"

"பஸ் ஸ்டாண்டுல கெடந்துச்சுங்க."

"எந்தப் பக்கம்? திருப்பதி பஸ் நிக்கற பக்கம்னா அது ஆந்திரா நாயி. அங்கதான் மனு குடுக்கணும்."

"மெட்ராஸ் பஸ் நிக்கற பக்கம் சார்" என்று தமயந்தி கூசாமல் பொய் சொன்னாள்.

பத்தாம் நாள் ஆணை கிடைத்தது. 'மேற்படி விலங்கின் இருபத்தொன்பது சதவீத அயல்நாட்டுப் பகுதிக்கு ஊசியிலிருந்து முழு விலக்கு அளித்தும், எஞ்சிய எழுபத்தோரு சதவீத உள்நாட்டுப் பகுதிக்கு அதே விகிதத்தில் மருந்து செலுத்துமாறும் இதன்மூலம் உத்தரவிடப்படுகிறது.'

தமயந்திக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "எழுபத்தோரு பங்கு செத்துட்டா மீதி எப்படி சார் எழுந்து நிக்கும்?"

"மீதிதான் விலக்கு வாங்கிடுச்சேம்மா. அதுக்கு ஒண்ணும் ஆவாது" என்று சுந்தரமூர்த்தி ஆறுதல் சொன்னார். மனதாரத்தான் சொன்னார்.

முகாம் அன்று மொட்டையை மேஜைமேல் ஏற்றினார்கள். கூட்டத்தைக் கண்ட சந்தோஷத்தில் அது வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. ஊசிக்காரர் அளவுக்கோட்டை உற்றுப் பார்த்து எழுபத்தோரு சதவீதத்துக்கு மருந்தை இழுத்துவிட்டார். தமயந்தி நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மேற்பார்வைக்கு வந்திருந்த சுந்தரமூர்த்தியிடம் இரண்டாம் பக்கத்தை நீட்டினாள்.

"இதுக்குக் கீழ 'படித்துப் பார்த்தேன்'னு ஒரு கையெழுத்து போட்டுட்டு அப்புறமா ஊசி போடுங்க சார்."

சுந்தரமூர்த்தி பேனாவைத் திறந்தார். மூடினார். பணியில் சேர்ந்த நாள்முதல் படித்துப் பார்த்தேன் என்று அவர் எதிலும் கையெழுத்திட்டதில்லை. 'மேலிடத்துத் தெளிவுரை பெறப்படும்வரை ஊசி நிறுத்திவைக்கப்படுகிறது' என்று எழுதிக் கொடுத்தார். தெளிவுரை இன்றுவரை வரவில்லை. அதற்குள் மாத்திரையில் சொறி ஆறி, மொட்டைக்கு முடி பளபளவென்று முளைத்துவிட்டது.

அதைப் பார்த்து ஊரே தன் நாய்களோடு இளம்பரிதியின் வாசலில் வரிசை கட்டியது. மொட்டையின் கடைசி மாத்திரையை வாங்க வந்த தமயந்தியும் அந்த வரிசையில்தான் நின்றாள். அவளுக்கு முன்னால் சுந்தரமூர்த்தி, நாய் இல்லாமல்.

"டாக்டர், இந்த டெஸ்டு மனுசங்களுக்கும் எடுப்பாங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"ஆங், எடுக்கறாங்க சார். எந்த மருந்து ஒத்துக்கும், எது ஒத்துக்காதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்கலாம்."

"அது கெடக்கட்டும். பொண்ணுக்கு மாப்ள பாத்துகினு இருக்கேன். பையனுக்குத் தெரியாம எடுத்து, மொதப் பக்கம் மட்டும் தனியா வாங்க முடியுமா?"

வரிசையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. டாக்டர் என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். தமயந்தியும் ஓரடி முன்னால் நகர்ந்து நின்றாள். அவளுக்கும் கல்யாண வயதில் ஒரு பெண் இருந்தாள்.