லிஃப்டுக்குள் ஒரு நாற்காலி

மணி பத்தாகியும் லிஃப்ட் ஐந்தாவது மாடிக்கு வரவில்லை. காரணம் சார் ஆறாவது தடவையாகப் பொத்தானை அழுத்தினார். அழுத்தினார் என்பது மரியாதைக்குச் சொல்வது, குத்தினார்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளைத் துருவுவது அவர் வேலை. கிடங்கு எரிந்தால் முதல் பொறி எங்கே விழுந்தது, லாரி கவிழ்ந்தால் யார் கண்ணயர்ந்தது என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பார். வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் காரணம் கேட்பார். அதனால் அந்தக் கட்டடமே சேர்ந்து அவருக்கு இந்தப் பெயரை வைத்திருந்தது.

அவருக்குப் பின்னால், மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு மனைவி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஆறு வாரத்துக் கட்டு, இன்று பிரிக்க வேண்டும். பதினோரு மணிக்கு டாக்டர் வெளியூர் கிளம்புகிறார். அவரை விட்டால் இன்னும் பதினைந்து நாள் அந்தக் கட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

"கொஞ்சம் பொறுங்க, லிஃப்ட் வந்துடும்" என்றாள்.

"எப்படி வரும்? எவனோ கதவைச் சாத்தாம போயிருக்கான்."

அந்தக் கிழட்டு லிஃப்டின் கம்பிக் கதவைக் கையால்தான் இழுத்துச் சாத்த வேண்டும். ஒரு மாடியில் அது திறந்து கிடந்தால் மற்ற மாடிக்காரர்கள் தவம் கிடக்க வேண்டும். மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் பாதிப் படி இறங்கிவிட்டார்.

நான்காவது மாடியில், இரவு டியூட்டி முடித்துப் படுத்திருந்த நர்ஸை மணியடித்து எழுப்பி விசாரித்தார். தான் லிஃப்ட் பக்கமே போகவில்லை என்றாள் அவள். தப்பு செய்தவர்கள் எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்று தன் தொழில் அனுபவத்தை அவளுக்கு எடுத்துச் சொன்னார். கதவு அவர் மூக்குக்கு நேராக அறைந்து மூடிக்கொண்டது.

மூன்றாவது மாடியில் குற்றம் கையும் களவுமாக அகப்பட்டது. கம்பிக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே நட்டநடுவில் ஒரு நாற்காலி. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல் யாரோ லிஃப்டையே பிடித்து வைத்திருக்கிறார்கள்.

அவருக்கு உச்சந்தலை வரை சூடேறியது. சண்டை ஏன் மூளுகிறது, ஆறு ஏன் நாறுகிறது, பட்டினி ஏன் ஒழியவில்லை என்று மாநாடு கூட்டிக் கூட்டிப் பேசுகிறார்கள் மடையர்கள். இந்த நாற்காலியைக் கொண்டுபோய் அந்த மேடையில் வைத்தால் போதும். எனக்குக் கிடைத்தால் சரி, மற்றவன் எக்கேடு கெட்டால் என்ன. உலகத்தின் நோய் முழுவதும் இவ்வளவுதான்.

தடயத்தை வெளியே இழுத்துப் போட்டுக் கதவை ஓங்கிச் சாத்தினார். சாத்திய மறுநொடியே, கீழே யாரோ கூப்பிட்டு, லிஃப்ட் இறங்கிப் போய்விட்டது.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவரும் ஓடினார். இரண்டாவது மாடியை எட்டும்போது லிஃப்ட், பாட்டு டீச்சரைச் சுமந்துகொண்டு மேலே போய்க்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லிக் கத்தினார், நிற்கவில்லை. வெளிக்கதவை இழுத்தால் நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும். இழுத்தார். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் அது நின்றது. அதன்பிறகு யார் என்ன செய்தும் அசையவில்லை. பாட்டு டீச்சர் இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்த மேல்ஸ்தாயி அன்றுதான் மொட்டைமாடி வரை கேட்டது.

கூட்டம் கூடிவிட்டது. மெக்கானிக் வரப் பன்னிரண்டு ஆகும் என்றார் வாட்ச்மேன். நான்கு பேர் சேர்ந்தால் சாரின் மனைவியை நாற்காலியோடு படியில் இறக்கிவிடலாம், காலைப் பிடித்துக்கொள்ள நர்ஸைக் கூப்பிடலாம் என்றார் ஒருவர். நர்ஸ் வீட்டு மணியை அடித்துப் பார்த்தார்கள். அவள் அதன் இணைப்பையே பிடுங்கிவிட்டிருந்தாள்.

"சரி சார், நாம நாலு பேரே மெதுவா இறக்கிடலாம். மணி பத்தே கால்தான் ஆகுது" என்றார் வாட்ச்மேன்.

"அதெல்லாம் அப்புறம். முதல்ல இதுக்கு மூல காரணம் யாருன்னு தெரியணும்."

அந்த நாற்காலியின் மேலேயே ஏறி நின்றார். சுயநலம் என்று ஆரம்பித்தார். குகையில் வாழ்ந்த மனிதனில் தொடங்கி மூன்றாவது மாடி வரை வருவதற்கு அவருக்கு அரை மணி நேரம் பிடித்தது. நடுவில் இரண்டு முறை மேலிருந்து மனைவியின் குரல் கேட்டது. கையமர்த்திவிட்டுத் தொடர்ந்தார்.

"கடைசியா கேக்கறேன். இந்த நாற்காலிய உள்ள போட்டது யார்?"

கூட்டத்தின் பின்னாலிருந்து மூன்றாவது மாடித் தையல்கார அம்மா கையைத் தூக்கினாள். மற்றொரு கையில் இரண்டு தலையணைகளை அணைத்துப் பிடித்திருந்தாள்.

"நான்தான் சார். உங்க வீட்டு அக்கா உக்கார நாற்காலியப் போட்டுட்டு, கால் நீட்ட வசதியா இருக்கட்டும்னு இந்தத் தலையணைய எடுக்க வீட்டுக்குள்ள போனேன், அதுக்குள்ள லிஃப்டக் காணோம். பத்து மணிக்கு எல்லாரும் ஆபீஸ் கிளம்புவாங்க, கொஞ்சம் பிடிச்சு வைம்மான்னு அக்காதான் காலையிலயே போன் பண்ணாங்க. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாத, காரணம் கேட்டே பதினோரு மணி ஆக்கிடுவாருன்னு சொன்னாங்க."