'அவுக' செத்துப்போன வெள்ளிக்கிழமை

திருடிவிட்டுக் காரில் தப்பி ஓடுகிற ஒரு ஜோடியைப் பார்த்து, 'கொடுத்து வைத்தவர்கள்' என்று ஒரு குடும்பப் பெண்ணுக்கு ஏன் தோன்ற வேண்டும்? ஒரு வருடமாக யோசிக்கிறேன். பதில் கிடைக்கவில்லை.

அது ஒரு பழைய கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படம். கம்பெனிச் சம்பளப் பணத்தைக் கொள்ளையடித்துவிட்டு ஒருவனும் ஒருத்தியும் ஓடுகிறார்கள். ஊர் ஊராக ஓட்டம், முழுக்க மழை, கடைசியில் போலீஸ். மகளை எல்.கே.ஜி.யில் விட்டு வந்து, புதுக்கோட்டை வாடகை வீட்டில் தனியாக உட்கார்ந்து போனில் பார்த்தேன். கையில் உரித்துக்கொண்டிருந்த வெங்காயம். (அழுததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்லலாம்.)

தனி வீடு என் பிடிவாதம். கணவர் குவைத்துக்குப் போனதும், அரிமளத்தில் தங்களோடு வந்து இருக்கச் சொன்னார்கள் மாமனாரும் மாமியாரும். மகளின் பள்ளிக்காக இங்கேயே இருக்கிறேன், சமாளித்துக்கொள்வேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். கேஸை மூடினோமா என்று பள்ளிக்கூட வாசலில் இருந்து திரும்பி ஓடிவருகிறவள் சொன்ன வார்த்தை அது. ஆகவே யார் கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்பதுதான் பதில். முடியவில்லை என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், மறுநாளே என் சாமான்கள் அரிமளத்துக்கு வேன் ஏறிவிடும்.

பேச ஆள் இல்லாததால் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். பார்க்கிற படத்தின் கதையை வெள்ளிக்கிழமை தோறும் கணவருக்கு வாய்ஸ் மெசேஜில் சொல்வேன். அவருக்கு அன்றுதான் விடுமுறை. அந்த வெள்ளிக்கிழமை முதல் பாதியைச் சொல்லி அனுப்பியதும் சிலிண்டர் வந்தது. வாங்கி வைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து ஏழு நிமிடம் பேசி அனுப்பினேன்.

இந்த இடத்தில் என் பதிபக்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எம்.எஸ்சி. கணிதம் படித்திருந்தும் கணவர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. போனில்கூட 'வீட்டுக்காரர்' என்றுதான் பதிந்து வைத்திருந்தேன். கொழுந்தனார் உண்டாக்கிய குடும்பக் குழுவின் பெயர் 'வீட்டு ஆளுங்க'. ஏழு நிமிடமும் கை தவறி அந்தக் குழுவுக்குப் போய்விட்டது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எந்த ஆணையும் 'அவன்' என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. கண்டக்டரும் எனக்கு 'அவுக'தான், கொள்ளைக்காரனும் 'அவுக'தான். ஆனால் ஒரு மருமகள் 'அவுக' என்றால் மாமியார் காதில் விழுவது ஒரே ஒரு ஆள். அன்று குழுவில் ஒலித்தது இதுதான்:

"இப்ப அவுக கம்பெனிப் பணத்த எடுத்துக்கிட்டுக் கார்ல ஓடுறாக. கூட அந்தப் புள்ளையும் இருக்கு. எல்லா ரோட்டையும் போலீஸு மறிச்சிருச்சு. பாவம், அவுக மேல தப்பே இல்ல, எல்லாம் அவ பேச்சக் கேட்டுத்தான். ஆனா ஒண்ணு, கடைசி வரைக்கும் அவுகளத் தனியா விட்டுட்டு அவ போகல பாருங்க, அதான் எனக்குப் புடிச்சிருக்கு. நடுங்குற குளுருல ஒரே டம்ளர்ல காப்பி குடிக்கிறாக..."

இதற்குப் பிறகு ஒரு நிமிடம் என் விசும்பல்.

மகளைக் கூட்டி வந்து, சோறூட்டி, போனைச் சைலன்ட்டில் போட்டுவிட்டு அவளோடு நானும் தூங்கிப்போனேன். இரண்டரை மணிக்குக் கதவை இடித்தார்கள். வாசலில் அத்தை, மாமா, கொழுந்தனார். பின்னால் வாடகைக் கார். அத்தை ஒரு கட்டைப்பையை மார்போடு அணைத்திருந்தார்.

"ஏத்தா, பயப்படாமச் சொல்லு. யாரு அவ?"

தூக்கக் கலக்கம். வாய்ஸ் மெசேஜைக் கணவர்தான் இவர்களுக்கும் அனுப்பிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். (ஒரு படக்கதை கேட்கக் கார் வைத்து வருவார்களா என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.)

"அமெரிக்காக்காரி அத்தை."

"அமெரிக்காக்காரியா!" மாமா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்துத்தான் பாத்தேன்."

"பாத்தியா? போன்லயா? ரெண்டு பேரும் கல்யாணம் கில்யாணம்..."

"அதெல்லாம் போற வழியிலயே முடிச்சுக்கிட்டாக."

அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டார். "சரி போகட்டும். இப்ப எங்கடி இருக்கான்?"

"கடைசியில போலீஸு சுட்டு அவுக செத்துப்போயிட்டாக அத்தை. அதுக்குத்தான் நான் அழுதேன்."

அத்தை போட்ட சத்தத்தில் மாடிக்காரர்கள் இறங்கி வந்தார்கள். மகள் எழுந்து அழுதாள். "ஐயோ என் ராசா" என்று மாமா மடிந்து உட்கார்ந்தபோதுதான் எனக்கு முழுதாக விழிப்பு வந்தது. படம் அத்தை, படம், படம் என்று கத்தினேன். யாரும் கேட்கவில்லை. கொழுந்தனார், அதுவரை அணைந்தே கிடந்த குவைத்து நம்பருக்கு மறுபடி போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"என்னடா? சாப்புட்டுக்கிட்டு இருக்கேன், அப்பறம் பேசவா?" என்றது என் கணவரின் குரல்.

அந்த நிமிடம் அத்தை சிரித்த மாதிரி அழுததை நான் மறக்கமாட்டேன். கட்டைப்பை சரிந்து கிடந்தது. உள்ளே அவருடைய நகைகளும் நிலப் பத்திரமும். குவைத்து வக்கீலுக்குக் கொடுக்கவாம்.

நான் அழாத குறையாக விளக்கி முடித்ததும் கணவர் கேட்டார்: "எந்தப் படம்?"

"காலையில முதல் பாதி அனுப்புனேனேங்க."

"அதுவா... ஒரு நிமிசத்துக்கு மேல இருந்தா அப்பறம் கேக்கலாம்னு வச்சிருவேன்."

"போன வாரம் அனுப்புனது?"

ஸ்பீக்கரில் தட்டு நகரும் சத்தம் மட்டும் கேட்டது. எட்டுப் படங்கள் சொல்லியிருந்தேன். எல்லோர் முன்னாலும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மகளுக்குத் தலை பின்னத் தொடங்கினேன். (ஏற்கெனவே பின்னியிருந்த தலை.)

அத்தை போனைப் பிடுங்கினார். "அந்த ஏழு நிமிசத்த நான் மூணு தடவ கேட்டேன்டா. பெத்த வயிறு பத்திக்கிட்டு எரிய எரியக் கேட்டேன். ஒனக்கென்ன கேடு?"

சாமான் கட்டச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "ஒரே டம்ளர்ல காப்பி குடிச்சாகன்னியே, அந்த எடத்துல ஏன்த்தா அப்புடி அழுத?" என்று மட்டும் கேட்டார். வெங்காயம் என்றேன். நம்பவில்லை.

இன்றைக்கும் கணவரின் போன் அணைந்திருந்தால் குழுவில் யாராவது, 'அமெரிக்காக்காரி கூடக் கார் ஏறிட்டாரா?' என்று போட்டுவிடுவார்கள். நானும் சிரிக்கும் பொம்மை ஒன்று அனுப்பிவிடுவேன்.

அன்று சாயங்காலம் அவர் தானாகவே கூப்பிட்டார். "தனியா இருக்கக் கஷ்டமா இருந்தாச் சொல்லு. எல்லாத்தையும் முடிச்சுட்டு வந்துர்றேன்" என்றார். "அதெல்லாம் ஒண்ணுமில்லங்க, நீங்க நிம்மதியா இருங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது. அவரும் நம்பிவிட்டார். அவர் மறுபடி கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

படிக்கிறவர்களில் யாராவது கணவரிடம் 'வந்துருங்க' என்று சொல்லியிருந்தால், அவர் பிழைப்பைக் கெடுத்த பழியும் வராமல், நம்மால் முடியவில்லை என்ற பேரும் வராமல், அதை எப்படிச் சொன்னீர்கள்? முதல் வார்த்தை என்ன? அதை மட்டும் எனக்கு எழுதுங்கள். மீதியை நான் பேசிக்கொள்கிறேன்.