கடைசி அத்தியாயம் இல்லாத நூலகம்

கிழித்தவன் யாராயிருந்தாலும் கேட்டுக்கொள். எங்கள் கிளை நூலகத்து நாவலிலிருந்து கடைசி அத்தியாயத்தை நீ உருவிக்கொண்டு போனதால், நாமகிரிப்பேட்டையில் ஒரு குடும்பம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறது.

குடும்பம் காளியப்பனுடையது. மஞ்சள் மண்டித் தரகர். பள்ளிக்கூடம் அவரை ஐந்தாம் வகுப்போடு கைகழுவிவிட்டது. மீதிப் பாடத்தை மண்டியில் வாங்கிய ஏச்சுகள் நடத்தி முடித்தன. எந்த விலையையும் படியவைப்பார். தன் கோபம் ஒன்றுதான் அவருக்குப் படியாது.

சாயங்காலத்தில் அவர் அந்த நாவலைச் சத்தமாகப் படிப்பார். மனைவி வசந்தாமணி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பாள். கதையில் புருஷன் சோற்றுத் தட்டை வீசுகிறான். பெண்டாட்டி பையோடு பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறாள். அதற்குமேல் தாள் இல்லை. அதே வாரம் குழம்பில் உப்புக் கூடிற்றென்று காளியப்பனும் தட்டை வீசினார். வசந்தாமணியும் பையை எடுத்தாள்.

"அந்தப் புள்ள திரும்பி வந்தாளான்னு பார்த்துச் சொல்லுங்க. அவ வந்திருந்தா நானும் வாரேன்" என்று சொல்லிவிட்டு ஜலகண்டாபுரத்தில் அம்மா ஊட்டுக்குப் போய்விட்டாள்.

காளியப்பன் நூலகர் சுவாமிநாதனிடம் ஓடினார்.

"கடைசி அத்தியாயத்தைக் காணோமுங்க சார்."

"போன மாசந்தான் இருப்பு சரிபார்த்தோம். எல்லாப் புத்தகமும் முழுசுன்னு மேலிடத்துக்கு எழுதிக் குடுத்தாச்சு. அப்ப இதுவும் முழுசுதான்."

"பொம்பள பஸ் ஸ்டாண்டுல நிக்கறாளுங்க!"

"நிக்கட்டுமே. ஆவணப்படி கதை அங்கதான் முடியுது."

காளியப்பன் மேசையில் அறைந்த அறையில், 'அமைதி காக்கவும்' பலகை பெரும் சத்தத்தோடு விழுந்தது.

புகார் மேலே போயிற்று. அது வாசிப்புத் திருவிழாக் காலம். மேலிடம் கூடி ஆலோசித்து ஆணை பிறப்பித்தது: 'மேற்படி நூலில் அத்தியாயம் இல்லாதிருப்பது குறைபாடு அன்று, வாசகரின் படைப்பாற்றலுக்கு அரசு அளித்த வாய்ப்பு.' வாய்ப்பு எல்லாருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டாமா? ஆகவே எல்லா நாவல்களின் கடைசி அத்தியாயமும் பிளேடால் நேர்த்தியாக அறுக்கப்பட்டது. அறுத்தவை பாதுகாப்புக் கருதி பழைய பேப்பர் கடையில் ஒப்படைக்கப்பட்டன.

நல்ல முடிவு எழுதுவோருக்குத் திருவிழாவில் பரிசு என்றும் அறிவித்தார்கள். ஊரே எழுத்தாளரானது. டீக்கடையில் ஆளுக்கொரு முடிவு. தப்பித் தவறிப் புத்தகத்தைத் திறந்தவர்களையும், திருவிழாவைப் படம் எடுக்க வந்த போட்டோக்காரர், "குனியாதீங்க, மூஞ்சி தெரியல" என்று நிமிர்த்திவிட்டார்.

காளியப்பனும் ஒரு முடிவு எழுதி ஜலகண்டாபுரம் கொண்டுபோனார். வசந்தாமணி நின்றபடியே படித்தாள்.

"ஏனுங்க, மூணு மாசம் தட்டு வீசமாட்டேங்கறான் புருஷன். ஒரு வருசங்கறா இவ. ஆறு மாசத்துல முடிச்சிருக்கீங்க. இது கதையா, மண்டியா?"

"எங்கியாச்சும் முடிக்கோணுமல்ல?"

"மன்னிச்சுக்கன்னு ஒரு வார்த்தை எங்கீங்க?"

"தாள்ல எடம் பத்தல."

அவள் தாளைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் முழுக்க வெள்ளை.

விழா நாளில், முதல் புகார்தாரர் என்ற முறையில் 'திட்டத்தின் தந்தை' என்று காளியப்பனுக்கு மாலை போட்டார்கள். பரிசும் அவர் கையால்தான். முதல் பரிசு: வசந்தாமணி, ஜலகண்டாபுரம். அவள் எழுதிய முடிவில் அந்தப் பெண் மேட்டூர் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, காற்று நல்லாயிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறாள். திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் படிக்கவில்லையென்றாலும் எல்லாரும் கை தட்டினார்கள்.

கேடயத்தைக் கொடுக்கும்போது காளியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "ஊட்டுக்கு வாரியா, இல்லையா?"

"அசல் முடிவு கெடைக்கட்டுமுங்க."

"ஐயா, சிரிங்க!" என்றார் போட்டோக்காரர். காளியப்பன் சிரித்தார்.

ஆகவே, கிழித்தவனே, அந்தத் தாளில் நீ வடை வைத்துத் தின்றிருந்தாலும் எண்ணெய்க் கறையோடு கொண்டுவந்து வை. அதில் அவள் திரும்பி வந்திருந்தால் விஷயம் முடிந்தது. வராவிட்டால், நீயே வேறொன்று எழுதிக் கொண்டுவா. மறக்காமல் அந்த ஒரு வார்த்தையையும் அதில் சேர்த்துவிடு. காளியப்பனுக்கு அது எழுத வராது.