ராஜாமணியின் சௌகரியத்துக்காக ஒரு வேன்

ஒரு குழந்தையின் சௌகரியத்துக்காக ஒரு குடும்பமே கூடி, ஆலோசித்து, தீர்மானம் போட்டு, வேன் பிடித்துப் புறப்பட்டதாக உலக சரித்திரத்தில் வேறெங்கும் செய்தி இல்லை. திண்டிவனத்தில் உண்டு. எண்பத்தாறாம் வருஷம் வைகாசி மாதம், சுப்பராயலு அதைச் செய்து காட்டினார். அவர் ஓர் அலுவலகத்தில் ஹெட் கிளார்க். கருணையைக்கூட உரிய வழியாக அனுப்பித்தான் அவருக்குப் பழக்கம்.

குழந்தையின் பெயர் ராஜாமணி. சுப்பராயலுவின் தம்பி கண்ணையனுக்கும் தையல்நாயகிக்கும் பிறந்த ஒரே மகள். ஏழு வயதாகியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். லாரி ஹாரன் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உருளுவாள். வெளியிடத்தில் அவித்த மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைத் தவிர எதையும் வாயில் வைக்க மாட்டாள். அதையும் தோலை வரிசையாக அடுக்கி முடித்த பிறகுதான். வீட்டுக் கூடத்தில் ஒரு மரத்தூண் இருந்தது. உள்ளங்கையை அதில் பதித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவாள். அப்போது மட்டும் அவள் முகத்தில் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்காகவே தையல்நாயகி சமையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நிற்பாள்.

இதற்கெல்லாம் டாக்டர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது அந்நாளில் திண்டிவனத்துக்கு எட்டவில்லை. அதனால் ஊர் சும்மா இருந்துவிடவில்லை. ஆளுக்கொரு பெயர் வைத்தது. சுப்பராயலு மட்டும் நாகரிகம் தெரிந்தவர். 'மேற்படி குழந்தை' என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

இப்போது அவர் மகளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. விழுப்புரத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் துரைக்கண்ணுவின் இளைய மகன். வீட்டுக்கு வந்து பெண் பார்த்து, பஜ்ஜி தின்று, 'ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம்' என்று போய்விட்டால் தெருவே சிரிக்கும். அதற்காகக் கௌரவமான குடும்பங்கள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. பெண் வீட்டார் 'சாமி கும்பிட' ஒரு கோயிலுக்குப் போவார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் அன்றைக்கே அதே கோயிலுக்குத் 'தற்செயலாக' வந்துவிடுவார்கள். பிடித்தால் சம்பந்தம், பிடிக்காவிட்டால் சாமி தரிசனம். இரண்டில் ஒன்று கட்டாயம் லாபம். திருவாமாத்தூர் கோயில் என்று முடிவாயிற்று.

சிக்கல் துரைக்கண்ணு சொல்லியனுப்பியதில் இருந்தது. "குடும்பத்து ஆளுங்க மொத்தப் பேரையும் ஒரு கண்ணு பாத்துடணுங்க. குறை கிறை இருக்கக் கூடாது."

மொத்தப் பேரும் என்றால் தம்பியும் தம்பி பெண்டாட்டியும் வந்தாக வேண்டும். ராஜாமணியோ அம்மா அப்பா தவிர வேறு யாரிடமும் இருக்க மாட்டாள். ஆக, மேற்படி குழந்தையும் வந்தாக வேண்டும். ஆனால் வந்ததாக இருக்கக் கூடாது. சாதாரண மனிதன் என்றால் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பான். சுப்பராயலு கூடத்தில் குடும்பக் கூட்டத்தைக் கூட்டினார்.

"ஏம்மா தையலு, இந்தப் பிரயாணம் முழுக்கக் கொழந்தையோட தேவையை வச்சித்தான். அதுக்கு என்னென்ன வேணும், ஒண்ணுவுடாம சொல்லு."

தையல்நாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வீட்டில் ராஜாமணியைப் பற்றி 'எப்ப சரியாவும்' என்று கேட்டிருக்கிறார்கள். 'யார் பக்கத்து ரத்தம்' என்றும் கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஹாரன் சத்தம் ஆவாதுங்க மாமா."

"சரி. வேன் கோயிலாண்ட வரவே வராது. தள்ளி, புளியமரத்துக்குக் கீழ நிறுத்திப்புடலாம்."

"கும்பல் ஆவாதுங்க."

"அப்ப எறங்கவே வேணாம்."

"தெரியாதவங்க கன்னத்தைத் தொட்டுப் பேசினா பயந்துக்கும்."

"ஒருத்தன் பாக்க முடியாது. ஜன்னலுக்கெல்லாம் ஸ்கிரீன் போட்டு, கண்ணாடியையும் ஏத்திப்புடலாம்."

"எங்க ரெண்டு பேத்துல ஒருத்தர் பக்கத்துல இருக்கணுங்க."

"நானே சொல்லலாம்னு இருந்தேன். மொதல்ல நீ எறங்கி அவங்களுக்கு ஒரு கும்புடு போடு. அதுவரைக்கும் கண்ணையன் வேன்ல இருக்கட்டும். அப்புறம் தண்ணி எடுக்கற மாதிரி நீ போ, அவன் வரட்டும். ரெண்டு பேரும் இருந்த மாதிரியும் ஆச்சி, கொழந்தைக்கித் தொணைக்கித் தொணையும் ஆச்சி."

குழந்தையின் தேவைகளும் பெரியப்பாவின் தேவைகளும் இப்படி ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தியதைக் கண்டு கூட்டமே மெய்சிலிர்த்தது. தையல்நாயகிக்கு மட்டும் ஒன்று மிச்சமிருந்தது.

"தூணுன்னா அதுக்கு உசிருங்க மாமா. அந்தக் கோயில் மண்டபத்துல வரிசையா கல்தூணு இருக்குதாம். கும்பல் கலைஞ்சப்புறம் ஒரு தரம் உள்ள கூப்டுகினு போயி காட்டிட்டு வந்துடறேன். வேற ஒண்ணும் வேணாங்க."

"அது பரிசீலனையில இருக்குது" என்றார் சுப்பராயலு.

அலுவலகத்தில் அவர் வாயால் அந்த வார்த்தையைக் கேட்டவர்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். தையல்நாயகிக்கு அலுவலக அனுபவம் போதாது. புறப்படும் நாள் வரை ஒவ்வொரு சாயங்காலமும் மகளைத் தூணருகே உட்கார வைத்து, "கல்லுத் தூணுடி, பெரிசு பெரிசா, உனுக்கே உனுக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் நம்ப கொழந்தைக்காவ எவ்ளோ யோசிக்கிறாரு பாத்தியா" என்றான் கண்ணையன். அவன் அண்ணன் சொல்லித் தும்முகிறவன்.

மெட்டடார் வேன் புறப்பட்டது. விக்கிரவாண்டி தாண்டுமுன் ஒரு லாரிக்காரன், தீர்மானத்தை அறியாதவன், பின்னாலிருந்து ஹாரனை நீளமாக அழுத்தினான். ராஜாமணி கீழே விழுந்து உருண்டாள். சுப்பராயலுவின் மனைவி சின்னபொண்ணு பட்டுப்புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு, "எம் பொண்ணு மேல எச்சில் பட்டுடப் போவுது, தள்ளிப் புடிடி" என்றாள். குழந்தையின் சௌகரியத்துக்கான பிரயாணத்தில் குழந்தையால்தான் எல்லாருக்கும் அசௌகரியம் என்று பேசிக்கொண்டே திருவாமாத்தூர் வந்து சேர்ந்தார்கள்.

துரைக்கண்ணு குடும்பம் தற்செயலாக வந்து, தற்செயலாகத் தாம்பூலத் தட்டும் கொண்டுவந்திருந்தது. தரிசனம் முடிந்தது. பொய்ச் சத்தியம் செய்தவனைச் சும்மா விடாது என்று பேர்போன வட்டப்பாறை அந்த ஊரில்தான் இருக்கிறது. "நேரமாவுதுங்க" என்றார் சுப்பராயலு. "வெயிலும் ஏறிப்போச்சிங்க" என்றார் துரைக்கண்ணு. அந்தத் திசைக்கே திரும்பாமல் இருவரும் மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

"எங்க வூட்ல ஒரு சின்னக் குறை கெடையாதுங்க. மூத்த மருமவ குப்பம்மா இதோ நிக்கிறா. மூத்தவன் சாமான் வாங்கப் போயிருக்கான், வந்துடுவான்" என்றார் துரைக்கண்ணு.

"எங்க வூட்லயும் அப்பிடித்தாங்க. தம்பி இப்ப வந்துடுவான். இவ அவன் சம்சாரம்" என்று தையல்நாயகியைக் காட்டினார் சுப்பராயலு. அவள் கும்பிட்டாள். குழந்தை உண்டா என்று துரைக்கண்ணு கேட்கவில்லை. குப்பம்மாளுக்கு உண்டா என்று இவரும் கேட்கவில்லை. பெரிய மனிதர்கள் ஒருவர் சங்கதியில் ஒருவர் மூக்கை நுழைப்பதில்லை.

"குப்பம்மா, வெத்தல வேன்லயே நின்னுபோச்சி, எடுத்துகினு வா" என்றார் துரைக்கண்ணு. அவள் போனாள், சாமான் வாங்கப் போன மூத்த மகன் கையில் ஒரு சாமானும் இல்லாமல் வந்து சேர்ந்தான். "தையலு, தண்ணி" என்றார் சுப்பராயலு.

அவள் வேனுக்கு ஓடினாள். கண்ணையன் வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்கி மண்டபத்துக்குப் போனான். கண்ணாடி ஏற்றிய வேனுக்குள் வைகாசி வெயில் வெந்துகொண்டிருந்தது. ராஜாமணி பாவாடை ஈரத்தில் ஒட்டிக்கொள்ள, இரும்புக் கம்பியைப் பிடித்தபடி முனகிக்கொண்டிருந்தாள். கம்பியைச் சுற்றி வர இடமில்லை. பரிசீலனையின் முடிவு அப்போதுதான் தையல்நாயகிக்குத் தெரிந்தது.

மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அடுத்த மரத்தடியில் இன்னொரு வேன் நின்றது. அதற்கும் ஸ்கிரீன். அதற்கும் கண்ணாடி ஏற்றியிருந்தது. உள்ளே யாரோ ஒரே சுருதியில் 'ம்ம்ம்' என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டால் திரும்பாத ராஜாமணி அந்தச் சத்தத்துக்குத் திரும்பினாள். கதவு திறந்தது. பத்து வயதுப் பையன் ஒருவன் கண்ணெதிரே ஒரு கயிற்றை ஆட்டிக்கொண்டு இறங்கினான். பின்னால் குப்பம்மாள்.

"நீங்க அந்தத் தம்பி சம்சாரம் இல்ல?" என்றாள் அவள்.

"ஆமா, தண்ணி எடுக்க வந்தேன். நீங்க வெத்தல எடுக்க வந்திங்க."

குப்பம்மாள் கொஞ்ச நேரம் ராஜாமணியையே பார்த்தாள். "எங்க மாமனாரு ரொம்ப நல்லவருங்கக்கா. புள்ளைக்கி வெயிலு ஆவாதுன்னு வேனுக்குள்ளயே ஏற்பாடு பண்ணிட்டாரு."

"எங்க மாமாவும் ரொம்ப நல்லவருதான்" என்றாள் தையல்நாயகி.

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவரவர் வீட்டுப் பெரியவர்கள் கேட்டிருந்தால் அன்றைக்குத் தட்டு மாற்ற உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

"உள்ள கல்தூணு இருக்குது. வர்றீங்களா?"

"சுத்துறது எதுன்னாலும் இவனுக்கு உசிரு. வாங்க."

கூட்டம் கலைந்திருந்தது. ஓர் ஓரத்தில் இரண்டு குடும்பங்கள் மட்டும் தட்டு மாற்ற உட்கார்ந்திருந்தன. ராஜாமணி முதல் தூணில் உள்ளங்கையை வைத்தாள். கல் குளிர்ந்திருந்தது போலும். கன்னத்தையும் வைத்துப் பார்த்தாள். பிறகு சுற்றினாள். அடுத்த தூண். அதற்கடுத்தது. சிரித்துக்கொண்டே போனாள். பையனும் 'ம்ம்ம்' என்றபடி பின்னாலேயே சுற்றினான். தையல்நாயகி ஒரு தூணுக்குப் பின்னால் நின்று, மூச்சுவிடக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோயில் காவல்காரர் வந்துவிட்டார். "யாரு வூட்டுப் புள்ளைங்க இது?"

சுப்பராயலு நிமிர்ந்து ராஜாமணியைப் பார்த்தார். அவர் வீட்டுக் கூடத்தில், அவர் பேப்பர் படிக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில், அவள் பிறந்ததிலிருந்து பார்க்கும் முகம்.

"தெரியலிங்களே. யாரோ" என்றார்.

துரைக்கண்ணு பையனைப் பார்த்தார். "எங்களுக்கும் தெரியாதுப்பா. வெளிய அனுப்பு, சத்தம் பேஜாரா இருக்குது."

கண்ணையன் தன் கால் கட்டைவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தான். காவல்காரர் ராஜாமணியின் தோளைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

"தொடாதிங்க. அது எம் பொண்ணு" என்று தையல்நாயகி முன்னால் வந்தாள். மகளை அணைக்கவில்லை, இழுக்கவில்லை; அவள் சுற்றட்டும் என்று விட்டுவிட்டு, நேரே துரைக்கண்ணு முன் போய் நின்று கும்பிட்டாள்.

"பெரியவரே, சம்மந்தம் பேசறப்ப குறையை மறைக்கக் கூடாதுங்க. எங்க வூட்ல ஒருத்தருக்கு ஒரு கோளாறு இருக்குது. பாத்தா தெரியாது. நல்லா துன்றாரு, தூங்கறாரு, ஆபீசுக்குப் போறாரு. ஆனா நாலு பேரு எதிர்ல வச்சி, கூடப் பொறந்தவன் புள்ளைய யாருன்னு கேட்டா தெரியலன்றாரு. எந்த டாக்டர்கிட்ட காட்றதுன்னும் எங்களுக்குப் புரியல. அதையும் தெரிஞ்சிக்கினு பொண்ணு எடுக்கறதா இருந்தா எடுங்க."

சுப்பராயலு தாம்பூலத் தட்டை மடியோடு சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டார்.

குப்பம்மாள்தான், தூணைச் சுற்றும் மகனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றபடி, பதில் சொன்னாள்.

"நீங்க தாராளமா பொண்ணு குடுங்கக்கா. எங்க மாமனாருக்கும் அதே கோளாறுதான்."